அம்மாவின் வெள்ளை மாத்திரை

நம் வீடுகளில் மாத்திரைகளுக்கென்று ஓர் இடம் உண்டு. சில வீடுகளில் அது அலமாரியின் மேல்தட்டு. சில வீடுகளில் பழைய பிஸ்கட் தகரப்பெட்டி. இரத்த அழுத்தத்திற்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, முழங்கால் வலிக்கு ஒன்று என்று அவை அங்கே எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கின்றன. விருந்தினர் முன்னிலையிலும் அவற்றை எடுத்து விழுங்க நாம் தயங்குவதில்லை. எங்கள் வீட்டில் ஒரு மாத்திரை மட்டும் அந்தப் பெட்டியில் இருந்ததில்லை. அம்மாவின் சேலைகளுக்கு அடியில், ஒரு கைக்குட்டையில் சுற்றப்பட்டு, அது ஒன்பது ஆண்டுகள் இருந்தது.

பிள்ளைகளாகிய நாங்கள் மூவரும் சேர்ந்தே இதை எழுதுகிறோம். ஏனெனில் தவறு செய்ததும் மூவரும் சேர்ந்துதான். அம்மாவிடம் அனுமதி கேட்டோம். "என் பேரை மட்டும் போடாதீங்க, மத்ததையெல்லாம் எழுதுங்க. நாலு வீட்டுக்கு உதவும்" என்றார்.

2013ஆம் ஆண்டு. எங்களில் இளையவளின் திருமணம் முடிந்து வீடு வெறிச்சோடிய நாட்கள் அவை. அம்மா விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்வார். பிறகு உறக்கம் வராது. அடுப்பின் முன் நின்று, எதற்காக வந்தோம் என்பதையே மறந்து நிற்பார். மாலைச் செபமாலையில் இரண்டாம் தேவ இரகசியத்திற்குமேல் அவரால் தொடர இயலவில்லை. "என் விசுவாசம் கெட்டுப்போச்சோ?" என்று ஒருநாள் பங்குத்தந்தையிடமே கேட்டுவிட்டார். அந்த நல்ல மனிதர் அறிவுரை எதுவும் கூறவில்லை. எத்தனை நாளாக உறக்கமில்லை, எவ்வளவு எடை குறைந்தது என்று இரண்டே கேள்விகள் கேட்டார். பிறகு அப்பாவை அழைத்து, மனநல மருத்துவரிடம் கூட்டிச் செல்லுமாறு கூறினார்.

மனச்சோர்வு நோய் என்றார் மருத்துவர். எஸ்சிட்டலோபிராம் என்னும் சிறு வெள்ளை மாத்திரையை, நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் என்று எழுதித் தந்தார். முதல் இரண்டு வாரங்கள் குமட்டலைத் தவிர வேறு மாற்றம் ஒன்றும் இல்லை. அம்மா நிறுத்திவிட எண்ணினார், அப்பா விடவில்லை. ஐந்தாம் வாரம் ஒருநாள் காலை, பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதென்று அம்மா பால்காரரோடு வழக்காடினார். வாசலில் எழுந்த அந்தக் குரலைக் கேட்டு அப்பா சமையலறையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நாங்கள் பார்த்தோம்.

அதன்பின் ஆண்டுகள் ஓடின. அதே சீட்டு, அதே மாத்திரை. எவ்வளவு காலம் உண்ண வேண்டும் என்று மருத்துவரை நாங்கள் கேட்கவில்லை. உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று அம்மாவையும் கேட்கவில்லை. நலமாக இருந்தார், அது போதும் என்றிருந்தோம்.

2022ஆம் ஆண்டு அப்பா இறந்தார். அடக்கத்தன்று அம்மா அழவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். பெட்டிமேல் இருந்த பூமாலையைச் சரிசெய்தார். கல்லறையில் ஒரு பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பினார். நாற்பத்தைந்து ஆண்டு உடன் வாழ்ந்தவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை என்று உறவினர் தமக்குள் பேசிக்கொண்டது எங்கள் காதில் விழுந்தது. அதைவிட எங்களை வருத்தியது, எங்களுக்குள்ளேயே எழுந்த எண்ணம்: இந்த மாத்திரைதான் அம்மாவைக் கல்லாக்கிவிட்டது, இதற்கு அவர் அடிமையாகிவிட்டார்.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த மறுநாள் நாங்கள் மூவரும் கூடிப் பேசினோம். பேசி முடித்து அம்மாவிடம் சென்று, "இனி இது வேண்டாம்" என்றோம். அவர் எங்களை ஒருமுறை பார்த்தார். கைக்குட்டையோடு எடுத்துக் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் தொடங்கியது. தலைசுற்றல், குமட்டல். கண்ணை ஒரு பக்கம் திருப்பினால் தலைக்குள் மின்சாரம் தாக்கியதுபோல் ஒரு துடிப்பு. இரவில் அஞ்சத்தக்க கனவுகள். பகலில் காரணமில்லாத சினம். எந்த அழுகை வரவில்லை என்று நாங்கள் குறைப்பட்டோமோ அந்த அழுகை இப்போது வந்தது. ஆனால் அது அப்பாவுக்காக வந்த அழுகை அன்று. ஏன் அழுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. பழைய நோய் திரும்பிவிட்டது என்று ஒருவரும், மூளையில் இரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்று மற்றொருவரும் அஞ்சினோம். ஒன்பதாம் நாள் அவரை மருத்துவரிடம் கொண்டு சென்றோம்.

மருத்துவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "எப்போது நிறுத்தினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நாளைக் கணக்கிட்டார். "இது நோய் திரும்பியதன்று. மூளை தான் பழகிக்கொண்ட ஒன்றைத் தேடுகிறது" என்றார். மாத்திரையை மீண்டும் தொடங்கினோம். இரண்டு மூன்று நாட்களில் தலைசுற்றல் விட்டது. அடுத்த முறை சென்றபோது, அந்த வெள்ளை மாத்திரை ஒன்பது ஆண்டுகளாக அம்மாவின் தலைக்குள் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். பின்னர் நாங்களும் தேடிப் படித்தோம். அறிந்ததை இங்கே வைக்கிறோம்.

செரோட்டோனின் என்பது நம் உடல் தானே ஆக்கிக்கொள்ளும் ஒரு வேதிப்பொருள். உணவிலுள்ள டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து அது உண்டாகிறது. 1930களில் இத்தாலிய அறிஞர் விட்டோரியோ எர்ஸ்பாமர் இதைக் குடற்சுவரில் கண்டார். 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் ஆகிய மூவர் இரத்தத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்து இப்பெயரை இட்டனர். மூளையிலும் இது உண்டென்று 1953இல் பெட்டி டுவாரோக் என்னும் பெண் அறிஞர் எடுத்துக்காட்டினார். உடலிலுள்ள செரோட்டோனினில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது. மருந்து தொடங்கிய வாரங்களில் அம்மாவுக்குக் குமட்டியதன் காரணம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

மூளையில் செரோட்டோனினை ஆக்குபவை, மூளைத்தண்டின் நடுக்கோட்டை ஒட்டியிருக்கும் சிறு நரம்பணுக் கூட்டங்கள். மனித மூளையிலுள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் இவை சில இலட்சமே. ஆயினும் இவற்றின் கிளைகள் மூளையின் ஏறத்தாழ எல்லாப் பகுதிகளுக்கும் செல்கின்றன. உறக்கம், பசி, மனநிலை, வலி உணர்வு என்று பலவற்றில் இவற்றுக்குப் பங்கு உண்டு.

மருத்துவர் இதை வயலும் வாய்க்காலுமாக வைத்துச் சொன்னார். ஒரு நரம்பணுவுக்கும் அடுத்த நரம்பணுவுக்கும் நடுவே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. முதல் நரம்பணு அவ்விடைவெளியில் செரோட்டோனினைப் பாய்ச்சுகிறது. அடுத்த நரம்பணுவிலுள்ள ஏற்பிகள் அதை ஏற்றுச் செய்தியைப் பெறுகின்றன. பாய்ந்த நீர் தேங்கி நில்லாதபடி, அதை மீண்டும் உள்ளிழுத்துக்கொள்ள முதல் நரம்பணுவிலேயே ஒரு வடிகால் இருக்கிறது. அம்மாவின் மாத்திரை செய்யும் வேலை அந்த வடிகாலை அடைப்பதே. வழக்கமான அளவில் ஏறத்தாழ 80 சதவீத வடிகால்களை அது அடைக்கிறது என்று மனிதரிடம் எடுத்த மூளைப் படங்கள் காட்டியுள்ளன.

வடிகால் அடைவதோ சில மணி நேரத்தில். அப்படியானால் அம்மா பால்காரரோடு வழக்காட ஐந்து வாரம் ஆனதேன்? இங்கேதான் மூளையின் இயல்பு தெரிகிறது. செரோட்டோனினைப் பாய்ச்சும் நரம்பணு தன் மேலேயே ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது. நீர் மிகுந்துவிட்டது என்று கண்டதும் அது மடையைச் சற்று மூடிவிடுகிறது. ஆகவே முதல் நாட்களில், மருந்து ஒருபுறம் நீரைத் தேக்க, நரம்பணு மறுபுறம் வரத்தைக் குறைத்துவிடுகிறது. இரண்டு மூன்று வாரம் இந்நிலை நீடித்தபின், அளவுகோலின் கூர்மை மழுங்குகிறது. மடை மீண்டும் திறக்கிறது. வரத்து பழைய அளவுக்கு வருகிறது. வடிகாலும் அடைபட்டிருப்பதால் இப்போதுதான் நீர் உண்மையிலேயே உயர்கிறது. எலிகளின் மூளையில் நடத்திய ஆய்வுகளில் இம்மாற்றம் தெளிவாகக் காணப்பட்டது.

மாதங்கள் செல்லச் செல்ல, நீரைப் பெறும் பக்கமும் மாறுகிறது. எப்போதும் நிறைந்திருக்கும் வயலுக்கு ஏற்றபடி, சிலவகை ஏற்பிகள் எண்ணிக்கையில் குறைகின்றன. விலங்குகளில் வடிகால்களும் குறைந்ததைக் கண்டிருக்கிறார்கள். வளர்ச்சியும் உண்டு. நினைவுக்கும் மனநிலைக்கும் தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில், இத்தகைய மருந்து கொடுக்கப்பட்ட எலிகளுக்குப் புதிய நரம்பணுக்கள் மிகுதியாகத் தோன்றின. அவ்வாறு தோன்றுவதைக் கதிர்வீச்சினால் தடுத்தபோது, மருந்தின் பயனும் மறைந்தது. இது 2003இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு.

ஆகவே இம்மருந்து, குறைந்துபோன ஒரு பொருளை நிரப்பும் உப்பைப்போன்றது அன்று. செரோட்டோனின் குறைவதனால்தான் மனச்சோர்வு வருகிறது என்று பல்லாண்டுக் காலம் எளிமையாகச் சொல்லப்பட்டு வந்தது. அதற்கு உறுதியான சான்று இல்லை என்று, இலண்டனைச் சேர்ந்த ஜோவானா மான்கிரீஃப் முதலியோர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் எழுதினர். அதைப் படித்துவிட்டு, அப்படியானால் மருந்தே பொய் என்று முடிவு கட்டியவர்களும் உண்டு. அது சரியன்று. காய்ச்சலைத் தணிக்கும் மாத்திரை பயன் தருகிறது என்பதனால், அம்மாத்திரை உடலில் குறைந்ததால்தான் காய்ச்சல் வந்தது என்று நாம் சொல்வதில்லை அல்லவா? 522 சோதனைகளையும் 1,16,000க்கு மேற்பட்ட நோயாளரையும் உள்ளடக்கி 2018இல் வெளியான தொகுப்பாய்வில், ஆராயப்பட்ட 21 மருந்துகளுமே வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பயன் தந்தன. பயன் மிகப் பெரிதன்று; எல்லார்க்கும் ஒரே அளவும் அன்று; ஆனால் உண்மையான பயன்.

இவ்வளவையும் கேட்டபின் நாங்கள் செய்தது என்னவென்று எங்களுக்கு விளங்கிற்று. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தன்னை மாற்றி அமைத்துக்கொண்ட ஒரு மூளைக்கு, ஒரே இரவில் வடிகாலைத் திறந்துவிட்டோம். நீர் வடிந்துவிட்டது, வயலோ நிறைந்த நீருக்குப் பழகியிருந்தது. இதை அடிமைத்தனம் என்பது தவறு. அம்மா ஒருநாளும் இரண்டாம் மாத்திரைக்கு ஏங்கியதில்லை. மது குடிப்பவரைப்போல் அளவைக் கூட்டிக்கொண்டே போனதுமில்லை. ஆனால் பழக்கம் என்பது உண்டு. மருந்தை விடும்போது தொல்லை வருவது எத்தனை பேருக்கு என்று கணக்கிட்ட 2024ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்றில், மருந்தை விட்டவர்களில் 31 சதவீதத்தினரும், தாங்கள் அறியாமலே வெற்று மாத்திரை உண்டு அதை விட்டவர்களில் 17 சதவீதத்தினரும் தொல்லைகளைக் கூறினர். கடுந்தொல்லை ஏறத்தாழ 35 பேரில் ஒருவருக்கு. எல்லார்க்கும் வருவதில்லை, வந்தவர்க்கு அது பொய்யும் அன்று.

விடுதலால் வரும் தொல்லையையும் நோய் திரும்புவதையும் பிரித்தறிய மருத்துவர் எங்களுக்குக் கற்றுத்தந்தார். முதலாவது பெரும்பாலும் சில நாட்களில் தொடங்கும். தலைசுற்றல், மின்துடிப்பு முதலிய உடற்குறிகளோடு வரும். மருந்தைத் திரும்பத் தொடங்கினால் விரைவில் தணியும். இரண்டாவது பெரும்பாலும் வாரங்களோ மாதங்களோ கழித்து, முன்பு வந்த வழியிலேயே, மெல்ல வரும்.

குறைப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. அம்மாவின் மருந்துக்கு மிக நெருங்கிய உறவான சிட்டலோபிராமை எடுத்துக்கொள்வோம். 20 மில்லிகிராம் உண்டால் 80 சதவீத வடிகால்கள் அடைபடுகின்றன. அளவைப் பாதிக்கும் கீழே, 9 மில்லிகிராமுக்குக் குறைத்தாலும் 70 சதவீதம் அடைபட்டே இருக்கும். 5 மில்லிகிராமை ஒட்டிய அளவிலும் 60 சதவீதம். அதற்குக் கீழேதான் சரிவு செங்குத்தாகிறது. ஆகவே முதற்படிகள் எளிதாகவும் கடைசிப் படிகள் கடினமாகவும் இருக்கும். கடைசியில்தான் மிகச் சிறு படிகளாக இறங்க வேண்டும். மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்னும் இரு மருத்துவ அறிஞர்கள் 2019இல் இதை விளக்கி எழுதினர். நாங்களோ படியே இல்லாமல் மாடியிலிருந்து இறக்கிவிட்டோம்.

மெல்ல விட்டாலும் நோய் திரும்பாது என்ற உறுதி இல்லை. பிரிட்டனில் நெடுநாளாக மருந்துண்டு நலமாக இருந்த 478 பேரைக்கொண்டு நடத்திய ஆய்வு 2021இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குள், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 39 சதவீதத்தினருக்கும், படிப்படியாக விட்டவர்களில் 56 சதவீதத்தினருக்கும் நோய் மீண்டது. இவ்வெண்களை இருபுறமாகவும் படிக்க வேண்டும். விட்டவர்களுக்கு ஆபத்து கூடுதல்தான்; ஆயினும் அவர்களில் நூற்றுக்கு 44 பேர் ஓராண்டை நோயின்றிக் கடந்தனர். மருந்தைத் தொடர்வதும் காப்புறுதி அன்று.

அப்படியானால் அம்மா அழாதது? அதையும் மருத்துவரிடம் கேட்டோம். அவர் எங்களை விட்டு அம்மாவைப் பார்த்து, "உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்றார். ஒன்பது ஆண்டுகளில் அந்தக் கேள்வி வந்தது அன்றுதான். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "துக்கம் வருது ஐயா. ஆனா கதவுக்கு அந்தப் பக்கம் நிக்குது. சந்தோஷமும் அப்படித்தான். பேரன் பொறந்தப்பவும் அங்கேதான் நின்னுச்சு" என்றார்.

நாங்கள் தலைகுனிந்தோம். இம்மருந்துகளை நெடுங்காலம் உண்பவர் பலர் இவ்வாறு உணர்ச்சி மங்குவதைக் கூறுகின்றனர். 2023இல் வெளியான ஆய்வொன்றில், நோயற்ற மனிதருக்கு மூன்று வாரம் எஸ்சிட்டலோபிராம் கொடுத்துப் பார்த்தபோது, கிடைக்கும் பலனைக்கொண்டு கற்றுக்கொள்ளும் அவர்களின் கூருணர்வு சற்று மழுங்கியிருந்தது. மருந்து வலியைக் குறைக்கும்போது சிலருக்கு இனிமையையும் சேர்த்தே குறைக்கிறது போலும். எங்கள் ஐயத்தில் ஒரு பகுதி உண்மைதான். ஆனால் அதை அம்மாவிடம் கேட்டறியாமல், நாங்களே தீர்ப்பிட்டு, நாங்களே தண்டனையும் கொடுத்துவிட்டோம்.

முதியவர்களுக்கு வேறு சில எச்சரிக்கைகளும் உண்டென்று மருத்துவர் கூறினார். இரத்தத் தட்டணுக்களும் அதே வடிகால் வழியாகத்தான் செரோட்டோனினை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே ஆஸ்பிரினோ வேறு வலிமாத்திரையோ கூட உண்டால் இரத்தக்கசிவுக்கு இடமுண்டு. முழங்கால் வலிக்கு அம்மா தானே வாங்கி உண்ட மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார். முதியவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறையவும் கூடும். அதற்கும் சோதனை செய்தார். எல்லா மாத்திரைகளும் ஒரே பெட்டியில் இருந்திருந்தால் இதை யாரேனும் முன்பே கவனித்திருப்பார்கள்.

2023ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், அம்மாவின் விருப்பப்படி, குறைக்கத் தொடங்கினோம். 10 மில்லிகிராமிலிருந்து ஏழரை; சில மாதங்கள் கழித்து ஐந்து. ஒவ்வொரு படியிலும் ஓரிரு வாரம் தலை கனத்தது, பிறகு தெளிந்தது. நாங்கள் முறைவைத்து நாள்தோறும் அவரிடம் பேசினோம். உறக்கம் எப்படி, பசி எப்படி என்று ஒரு நோட்டில் குறித்தோம். இரண்டரைக்கு வந்தபோது, ஆறாம் வாரத்தில் விடியற்காலை மூன்று மணி விழிப்பு திரும்பிற்று. மருத்துவர் மீண்டும் ஐந்துக்குப் போகச் சொன்னார். இன்னும் ஒருமுறை முயலலாமா என்று நாங்கள் கேட்டோம். அம்மா வேண்டாமென்றார்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அப்பாவின் கல்லறையைக் கழுவி, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அம்மா அதன் விளிம்பில் அமர்ந்தார். சற்று நேரத்தில் அழுதார். நாங்கள் அருகில் செல்லவில்லை. வீடு திரும்பியதும் சேலையை மாற்றிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார். "படுத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்றோம். "எதுக்கு? அழவும் முடியுது, அழுதுட்டு எழும்பி அடுப்பு மூட்டவும் முடியுது. எனக்கு இது போதும்" என்றார்.

உங்கள் இல்லத்தில் இத்தகைய மருந்து உண்பவர் இருந்தால், நாங்கள் செய்ததைச் செய்யாதீர்கள்; நாங்கள் செய்யத் தவறியதைச் செய்யுங்கள். மருத்துவரைக் கேளாமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்த வேண்டாம். அதேபோல், ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவரிடம் சென்று, இன்னும் தேவையா, இதே அளவு தேவையா என்று கேளாமலும் இருக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, உண்பவரையே கேளுங்கள். மனம் தாங்காத நேரத்தில் அழைக்க, மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவசத் தொலைபேசி உதவி இருக்கிறது. அதன் எண் 14416.

அம்மாவின் மாத்திரை இப்போது பிஸ்கட் பெட்டியில், இரத்த அழுத்த மாத்திரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரவு உணவுக்குப்பின் பேரன்தான் அதை எடுத்துத் தருகிறான்.